அவசர அவசரமாக விழுங்கும் சின்ன நாய்க்கு ஸ்லோ ஃபீடர்: பார்த்து வாங்குவது எப்படி?

ஸ்லோ ஃபீடர் என்பது நாய் மெதுவாகத் தின்னும்படி உள்ளே மேடு பள்ளம் வைத்துச் செய்த தட்டு. பினாங்கில் எந்தப் பெட் ஷாப்பில் நுழைந்தாலும் அதை அடுக்கியிருக்கும் இடத்தில் பூ, சுழல், நத்தை, மீன்முள் என்று வடிவத்துக்குப் பஞ்சமே இருக்காது. வாங்குபவர்களும் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் 3 கிலோ, 5 கிலோ எடையுள்ள நாய்க்கு எந்தத் தட்டு ஒத்துவரும் என்பதை அதன் மூக்கின் நீளமும் நீங்கள் போடும் சாப்பாடும்தான் முடிவு செய்கின்றன. இந்த இரண்டையும் பார்க்காமல் வாங்கிய தட்டுகள்தான் பல வீடுகளில் சிங்க்குக்கு அடியில் கிடக்கின்றன.

முதலில், வேகம் மட்டும்தானா என்று பாருங்கள்

ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஒரு பிடி உலர் உணவை அரை நிமிடத்தில் காலி செய்தால் அது வேகம்தான். ஆனால் வேகம் மட்டுமே பிரச்சினையாகிவிடாது. தின்னும்போது இருமல், புரைக்கேறுதல், தின்று முடித்ததும் விக்கல், பெரிய ஏப்பம், சில நிமிடங்களில் உணவை முழுசு முழுசாக வெளியே தள்ளுவது: இவற்றில் ஏதாவது அடிக்கடி நடந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

வெளியே தள்ளுவதிலும் இரண்டு வகை உண்டு. வயிறு குலுங்கி, ஓங்கரித்து எடுப்பது வாந்தி. எந்தச் சிரமமும் இல்லாமல் தலையைத் தாழ்த்தியதும் தின்றது அப்படியே, மெல்லாத பருக்கைகளாக விழுந்தால் அது எதுக்களிப்பு. அவசரமாக விழுங்கும் நாய்களிடம் நாம் அதிகம் பார்ப்பது இரண்டாவதை. அது எப்போதாவது என்றால் தட்டை மாற்றிப் பார்க்கலாம். தினமும் நடந்தாலோ, தண்ணீர் குடித்தால்கூட நடந்தாலோ உணவுக்குழாயில் கோளாறு இருக்கலாம். அப்போது தட்டு வாங்க அலையாமல் வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், போய்விடுங்கள்.

குட்டிகள் நிறைய இருந்த இடத்தில் போட்டி போட்டுத் தின்று வளர்ந்த நாய்க்கும், தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்த நாய்க்கும் அந்த அவசரம் வருடக்கணக்கில் போகாது. அது பழக்கம், தட்டால் சரிசெய்யலாம். ஆனால் நேற்றுவரை நிதானமாகத் தின்ற நாய் திடீரென்று வெறிபிடித்த மாதிரி தின்றால் காரணம் வேறு. குடற்புழு, சர்க்கரை நோய், குஷிங்ஸ் என்ற ஹார்மோன் கோளாறு என்று பட்டியல் உண்டு. நம் ஊர் வெக்கையில் தோல் அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்கள் அதிகம். அந்த மாத்திரையே பசியைக் கிளறிவிடும். மருந்து தொடங்கிய தேதியையும் பசி கூடிய தேதியையும் சேர்த்துப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

வேகமாகத் தின்றால் வயிறு முறுக்கிக்கொண்டு நாய் செத்துவிடும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. அந்த ஆபத்து பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற, நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு. சின்ன இனங்களில் அது அரிது. ஆனாலும் வயிறு உப்பி, வாந்தி வராமலேயே நாய் ஓங்கரித்துக்கொண்டிருந்தால் எந்த இனமாக இருந்தாலும் நேரத்தைப் பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

காசு செலவழிக்கும் முன் இட்லித் தட்டை எடுங்கள்

ஒரு வாரம் செலவில்லாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரே வேளை போடுகிறீர்கள் என்றால் அதே அளவை இரண்டாக, முடிந்தால் மூன்றாகப் பிரியுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில் வையுங்கள். பக்கத்தில் இன்னொரு வாய் இல்லை என்று தெரிந்தாலே பல நாய்களின் அவசரம் குறைந்துவிடும்.

அப்புறம் பழைய எவர்சில்வர் இட்லித் தட்டு. குழிக்கு ஒரு ஸ்பூன் என்று உலர் உணவைப் பிரித்துப் போட்டால் நாய் ஒவ்வொரு குழியாகப் போக வேண்டியிருக்கும். குழி ஆழமில்லாததால் சப்பை மூக்குள்ள ஷிட்சுவுக்கும் பக்குக்கும்கூட இது ஒத்துவரும். விளிம்பிலும் நடுத் துளையிலும் கூர்மை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஈரத் துணி விரித்து அதன்மேல் வையுங்கள். இல்லாவிட்டால் நாய் அதை வீடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போகும். ஆவித் துளை உள்ள தட்டு என்றால் குழம்பான உணவு போடாதீர்கள். இட்லித் தட்டைத் தர அம்மா சம்மதிக்கவில்லை என்றால் எம்ஆர் டிஐஒய் மாதிரியான கடையில் மஃபின் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சின்ன நாய்க்கு 6 குழி போதும்.

இந்தச் சோதனையில் நீங்கள் பார்க்க வேண்டியது நேரத்தை மட்டுமல்ல, நாயின் குணத்தையும்தான். குழி குழியாகத் தேடித் தின்கிறதா, தட்டைக் காலால் புரட்டுகிறதா, கடிக்கிறதா, பாதியில் விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? தேடித் தின்னும் நாய்க்கு எந்த ஸ்லோ ஃபீடரும் சரி. புரட்டும் நாய்க்குக் கனமானது வேண்டும். கடிக்கும் நாய்க்கு சிலிகான், துணி வகைகளை மறந்துவிடுங்கள். சீக்கிரம் கைவிடும் நாய்க்கு மிக எளிதான வடிவம். சில நாய்களுக்கு இட்லித் தட்டே போதும் என்றுகூட ஆகிவிடும்.

மூக்கை அளந்துகொள்ளுங்கள்

ஷிட்சு, பக், பெக்கினீஸ், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றின் முகம் தட்டை. மேடு உயரமாகவும் பள்ளம் குறுகலாகவும் இருந்தால் உணவைத் தொடும் முன்பே மூக்கும் கண்ணும் மேட்டில் இடிக்கும். ஏற்கெனவே மூச்சுவிடச் சிரமப்படும் இனங்கள் இவை. தலையை அமுக்கிக்கொண்டு தின்னும்போது மூச்சு இன்னும் வாங்கும். கண்கள் வெளியே துருத்தியிருப்பதால் மேட்டின் நுனி கண்ணில் படவும் வாய்ப்புண்டு. இவற்றுக்கு மேட்டின் உயரம் ஒன்றரை, மிஞ்சினால் 2 சென்டிமீட்டர் போதும். வழவழப்பான குமிழ்கள் பரவலாக இருக்கும் அகலத் தட்டு நல்லது.

டாஷ்ஹண்ட், டாய் பூடில் போன்றவற்றுக்கு மூக்கு நீளம். குட்டையான மேட்டை அவை சட்டை செய்யாது. 3 சென்டிமீட்டர் ஆழம் வரை போகலாம். காது தொங்கும் நாய்க்கு அகலத் தட்டு எடுத்தால் காதும் சேர்ந்து சாப்பாட்டில் முங்கும். அதற்கு வாய் குறுகிய தட்டு.

பள்ளத்தின் அகலத்துக்கு ஒரே விதிதான்: நாக்கு உள்ளே போக வேண்டும், வாய் முழுசாகப் போகக்கூடாது. வாயே போய்விட்டால் அள்ளித் தின்றுவிடும், வேகம் குறையாது. நாக்குகூடப் போகாவிட்டால் அடியில் உணவு தங்கி, நாய் பிளாஸ்டிக்கைச் சுரண்டத் தொடங்கும். கடையில் உங்கள் ஆள்காட்டி விரலைப் பள்ளத்தில் விட்டுப் பாருங்கள். விரல் தாராளமாக நகர வேண்டும், இரண்டு விரல் சேர்ந்து போனால் சின்ன நாய்க்கு அது அதிகம்.

தட்டின் அளவிலும் ஏமாறாதீர்கள். 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 கலோரி போதும். 100 கிராம் உலர் உணவில் பொதுவாக 350 முதல் 400 கலோரி இருக்கும். ஆக ஒரு நாளைக்கு 80 கிராம், இரண்டு வேளை என்றால் வேளைக்கு 40 கிராம். உங்கள் பையில் அச்சிட்டிருக்கும் கணக்கு சற்று மாறலாம். எப்படிப் பார்த்தாலும் அது ஒரு பிடிதான். அந்த ஒரு பிடியை லாப்ரடாருக்குச் செய்த தட்டில் போட்டால் மூலைக்கு நாலு பருக்கையாகச் சிதறிக் கிடக்கும். சின்ன நாய் இரண்டு நாள் தேடும், மூன்றாம் நாள் அலுத்துவிடும். எக்ஸ்எஸ், எஸ் அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடுதான் பெரிய விஷயம்

கடைகளில் விற்கும் பெரும்பாலான ஸ்லோ ஃபீடர்கள் உலர் உணவை மனத்தில் வைத்துச் செய்தவை. நம் வீடுகளிலோ பாதி நாட்கள் சோறும் வேகவைத்த கோழியும்தான். சோற்றை இந்தச் சுழல் பள்ளத்தில் போட்டால் என்ன ஆகும்? கோழித் துண்டை மேலாகப் பொறுக்கிக்கொண்டு நாய் போய்விடும். சூப் அடியில் தேங்கும். பருக்கை மூலைகளில் ஒட்டிக் காய்ந்து, சாயங்காலம் நீங்கள் பல்குத்தும் குச்சியோடு உட்கார வேண்டியிருக்கும்.

சோறு போடுகிற வீட்டுக்கு என் சிபாரிசு லிக் மேட், அதாவது உணவைத் தடவி நக்கித் தின்ன வைக்கும் சிலிகான் பாய், அல்லது குட்டைக் குமிழ்கள் உள்ள தட்டைத் தட்டு. சோற்றைக் குழைய வேகவைத்து, கோழியைப் பொடியாகப் பிய்த்து, கொஞ்சம் பூசணியோடு பிசைந்து, கரண்டியின் பின்பக்கத்தால் லிக் மேட்டில் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். கோழியை மட்டும் தனியாகப் பொறுக்க முடியாது, நக்கித்தான் தின்ன வேண்டும். சூப்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மதிய வெயில் நேரத்தில் அதே லிக் மேட்டை ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்துக் கொடுத்தால் இன்னும் மெதுவாகும், நாய்க்கும் குளுகுளு என்றிருக்கும்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மீந்த குழம்பை ஊற்றிப் பிசைந்து போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்து குழம்பில் கரைந்தாலும் நஞ்சு குறையாது. 3 கிலோ நாய்க்குக் கொஞ்சமே போதும். சமைத்த கோழி எலும்பும் வேண்டாம். சோறும் கோழியும் மட்டுமே வருடக்கணக்கில் போட்டால் கால்சியம் முதலான சத்துகளும் போதாது. வெட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

லிக் மேட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 95 கலோரி. நாம் மேலே பார்த்த 4 கிலோ நாய்க்கு அது ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு! நகத்தளவு போதும். லேபிளில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) என்று இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், அது நாய்க்குக் கொடிய நஞ்சு.

எந்த வகை?

மேடு பள்ளத் தட்டு: உலர் உணவு, ஊறவைத்த உலர் உணவு இரண்டுக்கும் ஏற்றது. விலையும் குறைவு. முதல் தட்டாக இதைத்தான் எடுப்பேன்.

லிக் மேட் பற்றிச் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடித்த அடுத்த நிமிடமே எடுத்துவிட வேண்டும். விட்டால் சில நாய்கள் சிலிகானைக் கடித்து விழுங்கும்.

ஸ்னஃபிள் மேட், அதாவது துணிக் கீற்றுகளுக்குள் உணவை ஒளித்துவைக்கும் பாய், மோப்பம் பிடித்துத் தின்னும் நாய்க்கு நல்ல விளையாட்டு. ஆனால் பினாங்கு ஈரப்பதத்தில் துவைத்துக் காயவைப்பது பெரும்பாடு. மழைக்காலத்தில் பூஞ்சை வாடை வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குள்ள உணவு போட்டால் சீக்கிரமே எறும்பும் வந்துவிடும். துணியைக் கிழித்துத் தின்னும் பழக்கமுள்ள நாய்க்குக் கொடுக்கவே கூடாது. கீற்று குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். தினசரிச் சாப்பாட்டுக்கு இது தேவையில்லை, விடுமுறை நாளில் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உருட்டினால் உணவு உதிரும் பந்து, காங் வாப்ளர் போன்ற ஆடும் பொம்மை: தரை வீடு என்றால் சரி. அடுக்குமாடியில் காலை 6 மணிக்கு டைல்ஸ் தரையில் அது உருளும் சத்தத்தைக் கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். உதிர்ந்த பருக்கைகள் அலமாரிக்கு அடியில் போய் கரப்பானுக்கு விருந்தாகும். வாப்ளரிலேயே பெரியது, சின்னது உண்டு. சின்னதைக் கேளுங்கள்.

உணவு முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் ஒரு வழி. சில நாய்கள் நிதானமாகும், சில நாய்கள் இன்னும் வேகமாக உறிஞ்சிக் குடித்துவிடும். ஒரு வேளை முயன்றால் தெரிந்துவிடும்.

கடையில் கையில் எடுத்து

சாதாரணப் பிளாஸ்டிக் தட்டு 10, 15 வெள்ளிக்கே கிடைக்கும். அதில் தவறில்லை. ஆனால் மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். நமக்கே நெடி அடித்தால் நாய்க்கு எப்படி இருக்கும்? மேட்டின் நுனியில் அச்சு வார்த்த பிசிறு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுங்கள். அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறதா, அது நகத்தால் நெம்பினால் கழன்றுவருகிறதா? கழன்றால் நாய் தின்றுவிடும். பள்ளத்தின் மூலைகள் வளைவாக இருக்கட்டும், கூரான மூலையில் அழுக்கு தங்கும்.

பீங்கான் கனமானது, நகராது, கீறல் விழாது, கழுவ எளிது. உடைந்தால் போச்சு. தட்டைப் புரட்டும் நாய்க்குப் பீங்கானைத்தான் பரிந்துரைப்பேன். எவர்சில்வரிலும் ஸ்லோ ஃபீடர் உண்டு. தாடையில் அடிக்கடி பரு வரும் நாய்க்குப் பிளாஸ்டிக்கை விட்டு இவற்றுக்கு மாறிப் பார்க்கலாம்.

ஷொப்பி, லசாடா போன்ற இணையக் கடையில் வாங்கினால் எஸ், எம் என்ற எழுத்தை நம்பாதீர்கள். சென்டிமீட்டர் கணக்கைப் பாருங்கள். தட்டின் விட்டம் எல்லாரும் போடுவார்கள், மேட்டின் உயரத்தைப் பலர் போடுவதில்லை. சாட்டில் கேட்டால் அளந்து சொல்லும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். வாங்கியவர்கள் போட்ட படங்களில் உங்கள் நாயின் முகவாகு உள்ள நாய் இருக்கிறதா என்று தேடினால் பாதி வேலை முடிந்தது.

பழக்குவது

புதுத் தட்டை வைத்த அன்றே முழுச் சாப்பாட்டையும் அதில் போட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் பாதியைப் பழைய கிண்ணத்தில் கொடுத்து, பசி கொஞ்சம் அடங்கியதும் மீதியைப் புதுத் தட்டில் வையுங்கள். சில பருக்கைகளை மேட்டின் மேலேயே போட்டு வையுங்கள், எளிதாகக் கிடைப்பது தெரிந்தால்தான் அடுத்ததைத் தேடும். பிறகு மெல்ல மெல்லப் பழைய கிண்ணத்தை நிறுத்துங்கள்.

அரை நிமிடம் 5 நிமிடமானாலே பெரிய வெற்றி. 10 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. 20 நிமிடமாகியும் மிச்சம் இருக்கிறது, நாய் முனகுகிறது, தட்டைக் கடிக்கிறது என்றால் தட்டு கடினமானது. நாயைத் திட்டாமல் தட்டை மாற்றுங்கள். பழகிப்போய் மறுபடி வேகம் கூடினால் தட்டைப் பாதி திருப்பி வைத்தோ, வேறு வடிவத்தோடு மாற்றி மாற்றியோ கொடுக்கலாம்.

தின்னும்போது தட்டில் கை விடாதீர்கள். குழந்தைகளையும் விட வேண்டாம். சாப்பிடும் நேரம் நீளும்போது "இது என்னுடையது" என்று காவல் காக்கும் நேரமும் நீளும். உறுமும் நாய் என்றால் தனியறை. இரண்டு நாய் வீட்டில் ஒன்று முதலில் முடித்துவிட்டு அடுத்ததன் தட்டுக்கு வரும். இரண்டும் முடிக்கும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

கழுவுவதும் எறும்பும்

ஒவ்வொரு வேளையும் கழுவ வேண்டும், உலர் உணவு என்றாலும்தான். எச்சிலும் கொழுப்பும் சேர்ந்து வழுவழுப்பான படலம் கட்டும், கிருமி அதில்தான் குடியிருக்கும். 10 நிமிடம் வெந்நீரில் பாத்திர சோப்புப் போட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் பள்ளங்களைத் தேய்த்தால் போதும். ஈரமாக அடுக்கிவைக்காமல் காயவிடுங்கள். ஈர உணவு, சோறு எதுவானாலும் நம் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் தட்டையும் லிக் மேட்டையும் தங்கள் வீட்டுக்குள்ளேயே கழுவிக்கொள்ளுங்கள். பொதுக் குழாயில், வராந்தாவில் வேண்டாம். மலாய்க்காரர் வீடுகளும் சேர்ந்திருக்கும் இடத்தில் நாயின் எச்சில் பட்ட பொருள் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

சாப்பிடும் நேரம் கூடினால் எறும்பு மோப்பம் பிடிக்கும் நேரமும் கூடும். அகலமான தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நடுவில் தட்டை வையுங்கள். தட்டு தண்ணீரில் மிதக்கக்கூடாது, கனமில்லாவிட்டால் கீழே ஒரு கவிழ்த்த கிண்ணம் வைக்கலாம். தாம்பாளத்தைத் தாண்டி எட்டித் தின்ன நாய்க்கு உயரம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸை மட்டும் நாய் தின்னும் இடத்தில் பயன்படுத்தாதீர்கள். அது பூச்சிமருந்து, நாய் தரையையும் நக்கும்.

இவற்றுக்கு வேண்டாம்

மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட, கையடக்கமான இனக் குட்டிகளுக்கு ஸ்லோ ஃபீடர் வேண்டாம். சலித்துப்போய்ப் பாதியில் விட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அவற்றுக்குச் சின்னச் சின்ன அளவில் அடிக்கடி கொடுப்பதே போதும். பல் ஆடுகிற, ஈறு வீங்கிய நாய்க்குக் கடினப் பிளாஸ்டிக் வலிக்கும். சின்ன இனங்களில் ஈறு நோய் மிக அதிகம் என்பதால் தட்டு வாங்கும் முன் உதட்டைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாடை அடித்தாலோ ரத்தம் தெரிந்தாலோ முதலில் பல். கண் தெரியாத கிழ நாய்க்கும், அறுவை சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருப்பதற்கும் சாதாரணக் கிண்ணமே நல்லது.

பொமேரேனியன், யார்க்ஷயர் டெரியர் வளர்ப்பவர்களுக்கு ஒன்று. தின்னும்போது வாத்து கத்துகிற மாதிரி ஒரு வறட்டு இருமல் வந்தால் அது மூச்சுக்குழாய் தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உணவு சிக்கியதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டாக மாற்றிக்கொண்டிருக்காமல், அந்த இருமலைக் கைப்பேசியில் பதிவுசெய்து வெட்டிடம் காட்டுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டைக்கும் அன்றே மாறிவிடுங்கள்.